'என்ன சமையல்?' வெட்டிப் பேச்சு இல்லீங்க!

"இன்னிக்கு என்ன சமையல்?", "தண்ணி லாரி வந்துச்சா?", "பையன் போன் பண்ணானா?" எதிர்வீட்டுக்காரங்க இப்படிக் கேட்டா, 'வேற வேலை இல்லை இவங்களுக்கு' என்று கதவைச் சாத்திக்கொள்கிறவரா நீங்க? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

நோயைக் கண்டறிய சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நாடி பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். 'மொழி'யை யாரும் கண்டுகொள்வதில்லை. குரலையும் பேசுகிற விதத்தையும் கவனிப்பதும் பரிசோதனைதான். ஆனால், என்னிடம் வருகிறவரை நான் பார்ப்பது 10 நிமிஷம். போன மாசம் அவர் எப்படிப் பேசினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

ஜாபர்கான்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, 70 வயதைத் தாண்டியவர். தனியாக இருக்கிறார்; மகன் வெளிநாட்டில். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது, அவர் குடியிருப்பில் கீழ்வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. எல்லோரும் மாடியில் ஒன்றாகத் தங்கி, கிடைத்த அரிசியில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்களாம். சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்தால் அந்தக் கதை வந்தே தீரும். யார் வீட்டு அரிசி, யார் வீட்டு ஊறுகாய் என்பதுவரை ஒப்பிப்பார். ஒருநாள் எதிர்வீட்டுப் பெண் அந்தப் பேச்சை எடுத்தபோது, "எந்த மழை?" என்று கேட்டிருக்கிறார். பேச்சிலும் ஒரு மந்தம். 'வயசாச்சு, மறதி' என்று அந்தப் பெண் விட்டுவிடவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ரத்தத்தில் சோடியம் ரொம்பக் குறைந்திருந்தது. ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிட்டு வந்த, சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரைதான் காரணம். சில நாள் சிகிச்சையில் தேறிவிட்டார். முதல் நாள்தான் மகன் போனில் பேசியிருக்கிறார். "நல்லா இருக்கேன்ப்பா" என்ற ஒரு வரியில் அவருக்கு என்ன தெரியும், பாவம்!

இங்கிலாந்தில் 2018-ல் தனிமைப் பிரச்னைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தார்கள். 2023-ல் உலக சுகாதார நிறுவனம், மனிதத் தொடர்புகளைப் பற்றி ஆராய ஓர் ஆணையமே அமைத்தது. திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒண்டுக்குடித்தனம் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். கழிப்பறைக்கு வரிசையில் நின்றவர்களைக் கேளுங்க, தெரியும். ஆனால், ஒருத்தர் காலையில் குழாயடிக்கு வரலைன்னா அரை மணியில் கதவைத் தட்டிடுவாங்க.

பேசுங்க என்றால் ஊர்வம்பு பேசச் சொல்லவில்லை. "எனக்கு இது கேட்டுச்சு, நீங்களும் போட்டுப் பாருங்க" என்று மாத்திரையை இரவல் கொடுப்பது வேண்டவே வேண்டாம். கஷாயத்துக்கும் இதே பேச்சுத்தான்!

இன்னொன்று. யாருக்காவது திடீரென்று பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினாலோ, உடனே 108-ஐக் கூப்பிடுங்க. என்னிடம் வந்து நேரத்தை வீணாக்காதீங்க. ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதம் என்றால், அதைக் கரைக்கும் ஊசியை ஆரம்பித்ததிலிருந்து 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். 'எப்ப ஆரம்பிச்சது?' என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். தனியாக இருக்கிறவர் விஷயத்தில், "சாயங்காலம் ஆறு மணிக்கு என்கிட்ட நல்லாத்தான் பேசிட்டிருந்தார்" என்று சொல்ல எதிர்வீட்டுக்காரர்தான் வேணும்.