அழுத்தத்தை நம்பாதீர்கள், வால்வை நம்புங்கள்

வெள்ளவத்தையில் ஒரு மாலை வரவேற்பு. மணமக்கள் வாசலில் நிற்க, நாதஸ்வரம் ஏறுகிறது. 'டப்' என்று ஒரு சத்தம். மண்டபக் கூரையிலிருந்து வண்ணத்தாள் மழை. அந்தச் சில நொடிகளுக்காகச் சோடனைக்காரர்கள் காற்றுப் பீரங்கியைத் தாங்களே செய்ய முனைவது வரவேற்க வேண்டியது. ஒரே தடவை சுட்டு எறியும் கைக்குழலைவிடச் சிக்கனம், வெடிமருந்தும் வேண்டாம். கவலை தருவது கருவியின் உடம்புதான்.

வீட்டுச் செய்முறை எல்லாருக்கும் தெரிந்தது. ஹார்ட்வெயார் கடையில் பீவிசி குழாய், இரண்டு மூடி, ஒட்டக் கம், சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வால்வு, காற்றடிக்க டயர் கடைக் கொம்பிரசர். குழாயில் 'டைப் 1000' என்று இருக்கிறது, 10 பார் தாங்கும், அடிப்பதோ 7 பார்தானே என்று ஒரு கணக்கும் உண்டு. அந்தக் கணக்கு பிழை. குழாயில் உள்ள எண் குளிர்ந்த தண்ணீருக்கானது. கொழும்பு வெயிலில் கிடந்த குழாயின் வலு அதைவிடக் குறைவு.

தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் பெரியது. 3 லீற்றர் தண்ணீரை 7 பாரில் அடைத்தால் உள்ளே சேரும் ஆற்றல் அரை ஜூல்கூட இல்லை. குழாய் வெடித்தால் ஒழுகும், அவ்வளவுதான். அதே கொள்ளளவில் காற்றை அடைத்தால் 1,500 ஜூலுக்கு மேல். 25 கிலோ அரிசி மூட்டை இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பீவிசி கிழிவதில்லை, கூரிய சில்லுகளாகச் சிதறும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான ஓஷா, நிலத்துக்கு மேலே அழுத்தக் காற்றுக்குப் பீவிசி குழாய் கூடாது என்று 1988இலேயே எச்சரித்தது. முந்நூறு விருந்தினருக்கு நடுவே அப்படியொரு குழாயை நிறுத்த எந்தச் சிக்கனமும் நியாயமாகாது.

மாற்று வழி கடினமானதல்ல. சிறிய கொம்பிரசரின் இரும்புத் தாங்கியையே காற்றறையாக வைக்கலாம். அழுத்தமானியும் பாதுகாப்பு வால்வும் அதிலேயே இருக்கும். பாதுகாப்பு வால்வை இறுக்கி அடைப்பவர் இந்தத் தொழிலில் இருக்கக் கூடாது. கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் காற்றின் ஈரம் உள்ளே தண்ணீராகத் தேங்கி, தாங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும் என்பதால், ஒவ்வொரு விழா முடிந்ததும் அடித்திருகைக் கழற்றித் தண்ணீரை வடிக்க வேண்டும். வாய் திறந்த சுடுகுழல் அழுத்தத்தைத் தேக்கி வைக்காது. அது மட்டும் பிளாஸ்டிக்காக இருக்கலாம்.

தாளை உயரத் தூக்குவது காற்று வெளியேறும் வேகம். கையால் மெல்லத் திருகும் வால்வில் 7 பார் அடைத்தாலும் பாதிக் காற்று தாளின் இடுக்குகளால் நழுவிவிடும். அகன்ற துளையுள்ள, மின்சாரத்தால் சட்டெனத் திறக்கும் சொலினொயிட் வால்வு இருந்தால் 3 பார் போதும். மிச்சத்தைத் தாள் பார்த்துக்கொள்ளும். சுமார் 2 சென்ரிமீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டிய மெல்லிய ரிஷூ தாள் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி மெதுவாக இறங்கும். விழும் தாள் ஏன் இப்படிச் சுழல்கிறது என்று பௌதிகவியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1854இலேயே ஒரு கட்டுரை எழுதினார்.

பளபளக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் வேண்டாம். கூட்டித் தள்ளிய குப்பை கால்வாய் வழியே கடலுக்குப் போகும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் கரையொதுங்கியதைக் கண்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வண்ணப்பொடியை நிரப்பவே கூடாது. 2015 ஜூன் 27 அன்று தாய்வானின் நீர்ப்பூங்கா ஒன்றில் மேடையிலிருந்து விசிறிய சோளமா வண்ணப்பொடி தீப்பற்றி 15 பேர் இறந்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் வேலை எடுப்பவர்கள் சத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, அங்குள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது அங்கிருந்தவர்களும் அவர்களுடைய உறவினர்களும் இன்றும் அந்தத் தெருக்களில்தான் வாழ்கிறார்கள். கல்யாணத்துக்கு வருபவர்களும் அவர்களே. அறிவிப்பாளர் முன்கூட்டியே ஒலிவாங்கியில் சொல்லட்டும். அயல்வீடுகளுக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் காலையிலேயே தகவல் போகட்டும். 3 பாரில் சுடும்போது சத்தமும் தணியும். பாண்ட் வாத்தியம் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து வால்வைத் திறந்தால், விருந்தினர் தாளைத்தான் முதலில் கவனிப்பார்கள்.