வன்தட்டின் பழுதும் வருமுன் காத்தலும்

கணினியானது ஒரு கோப்பைத் திறக்க நெடுநேரம் தயங்குவதையும், ஈற்றிலே ‘வாசிக்க இயலவில்லை’ என அறிவிப்பதையும் வாசகர்களிற் பலர் கண்டிருப்பர். இதற்குரிய காரணங்களுள் முக்கியமான ஒன்றை இவ்வாரம் நோக்குவோம்.

வன்தட்டு என்னும் ஹார்ட் டிஸ்க், காந்தப் பூச்சுடைய சுழல்தட்டாகும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதலாவது வன்தட்டுக் கருவியில் 50 தட்டுகள் இருந்தன. அவையனைத்தும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்றைய தட்டோ உள்ளங்கையில் அடங்கியும் அதனிலும் பல்லாயிரம் மடங்கு கொள்கின்றது. அதன் பரப்பு, செக்டர் எனப்படும் சிறு கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டம் 512 அல்லது 4096 பைற்றுகளைக் கொள்ளும். வாசிக்கும் முனை தட்டைத் தொடாது, சில நனோமீற்றர் உயரத்திலே மிதந்து செல்கின்றது. அதிர்ச்சியினால் முனை உரசினாலும், பூச்சு நலிந்தாலும் கட்டங்கள் பழுதுறும்.

இதனை எதிர்பார்த்தே ஒவ்வொரு தட்டிலும் உதிரிக் கட்டங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. பழுதுற்ற கட்டத்தில் மீண்டும் எழுத முற்படுகையில், தட்டு தானாகவே உதிரிக் கட்டமொன்றை அதற்கு ஈடாக்கிவிடும். ஆனால், வாசிக்க முடியாது போன கட்டத்திலிருந்த செய்தி புதிய கட்டத்திற்கு வந்து சேர்வதில்லை. எனவே, பழுதுபார்க்கும் செயலிகள் தட்டைப் பயன்படச் செய்யலாமேயன்றி, இழந்த படத்தையோ பாடக்குறிப்பையோ மீட்டுத் தருமென்று நம்புதல் தகாது.

ஆதலின், பழுதின் அறிகுறி தோன்றியதும் முதலில் செய்யவேண்டியது திருத்தமன்று, பிரதி எடுத்தலே. அத்தட்டில் புதிதாக எதனையும் எழுதாது, அருமையானவற்றை முதலிலே வேறொரு தட்டிற்கு மாற்றுக. டிடிரெஸ்க்யூ என்னும் இலவசச் செயலி, இலகுவில் வாசிக்கக்கூடியவற்றை முன்னர் எடுத்துக்கொண்டு, கடினமானவற்றிற்குப் பின்னர் திரும்பி வரும். விண்டோஸின் ‘செக் டிஸ்க்’ சோதனையை அதன் பின்னரே நடத்துதல் நன்று. தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்னும் ஒலி இடையறாது எழுமாயின், உடனே நிறுத்தித் தேர்ந்தோரிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை.

தட்டின் உடல்நிலையை ‘ஸ்மார்ட்’ என்னும் அறிக்கை காட்டும். மாற்றப்பட்ட கட்டங்களின் தொகை அதிலே நாளுக்கு நாள் ஏறுமாயின், அத்தட்டிற்கு ஓய்வளித்துவிடுதல் வேண்டும்.

‘சீ’யில் இருந்ததை ‘டீ’யிலும் வைத்துள்ளோம் என்று அமைதியுறுவோர் உளர். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் அவ்விரண்டும் ஒரே தட்டின் இரு பாகங்களே. தட்டு மடிந்தால் இரண்டும் ஒருங்கே மடியும். பிள்ளைகளின் படங்களும் மாணவரின் ஆய்வேடும் வேறொரு தட்டிலும் இருக்கின்றனவா என்பதை இன்றே பார்த்துவிடுவோம்.