கொள்ளிடத் திட்டுகளுக்குக் கருங்கல் கரை எப்போது?

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகள் இரவு பகலாக ஓடுகின்றன. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றை அப்படியே விட்டால், அது சுரங்கத் தரையைப் பொத்துக்கொண்டு மேலே வந்துவிடும். நிலக்கரியைக் காக்க இத்தனை ஏற்பாடு.

அதே கடலூர் மாவட்டத்தின் தென்கோடியில், கொள்ளிடம் ஆற்றுக்கு நடுவே திட்டுகளாகத் திட்டுக்காட்டூர், அக்கரை ஜெயங்கொண்டபட்டினம், கீழகுண்டலபாடி என்று கிராமங்கள் இருக்கின்றன. எதிர்க்கரையில், மயிலாடுதுறை மாவட்டத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு. கத்தரி, வெண்டை, மல்லிகை, முல்லை விளையும் வண்டல் மண். வெள்ளம் வந்தால் இவர்களுக்குக் கிடைப்பது மணல் மூட்டையும் படகும் முகாம் சாப்பாடும்தான்.

மேட்டூர் அணை நிரம்பினால் உபரி நீரை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். டெல்டாவின் வயல்களும் ஊர்களும் தப்பிக்க, வெள்ளத்தைச் சுமப்பது இந்த ஆறுதான். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கனஅடிக்கு மேல் வந்ததை அடுத்து முக்கொம்பு மேலணையின் மதகுகளே உடைந்தன. 2022-இல் ஆடிப்பெருக்கை ஒட்டி மீண்டும் அதே அளவு. உள்ளூரில் சுள்ளென்று வெயில் அடிக்கும். கர்நாடகத்தில் பெய்த மழை திட்டுக்காட்டூரின் வாசலில் நிற்கும். மாட்டைப் படகில் ஏற்ற முடியாமல் வீட்டை விட்டு வராதவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. கொள்ளிடத்தில் முதலைகளும் இருக்கின்றன.

தண்ணீர் வடிந்த பிறகுதான் அரிப்பு வேலையைக் காட்டும். அடிமண் கரைந்து, ஊறிக் கனத்த மேல்மண் தென்னையோடு பாளம் பாளமாகச் சரியும். மேட்டூர் அணை 1934 முதல் வண்டலைத் தேக்கிவைத்துக்கொள்கிறது. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் படுகை தாழ்ந்துவிட்டது. இழந்த மண்ணை ஆறு திருப்பிக் கொடுப்பதற்கு வழியே இல்லை.

நிலத்தோடு குலதெய்வக் கோயிலும் முன்னோரைப் புதைத்த இடமும் போகும். அசாமில் பிரம்மபுத்திரா நடுவே உள்ள மாஜுலி ஒரு நூற்றாண்டில் பாதிக்கு மேல் கரைந்தது. அங்கிருந்த வைணவ மடங்கள் பல இடம்பெயர்ந்தன. கொள்ளிடத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1836-இல் அதன் குறுக்கே கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகும் நீரையும் 2004 முதல் சென்னை குடிக்கிறது. ஆற்றின் நன்மை தலைநகருக்கு, நட்டம் திட்டுக்கா?

ஊரையே வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம் என்பவர்கள், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த நெய்வேலிச் சுற்றுக் கிராமங்களில் போய்க் கேட்கட்டும். வேலை, இழப்பீடு என்ற வழக்கு அங்கே தலைமுறைகளாக ஓய்ந்தபாடில்லை.

திட்டுகளுக்குத் தேவை கருங்கல் பதித்த கரை, மாடுகளுக்கு மேடான கொட்டகை, வெள்ளத்திலும் நடக்கக்கூடிய பாலம். ஆறு திசைமாறி நிலம் போனால் சிறு, குறு விவசாயிக்கு நிவாரணம் தர மாநிலப் பேரிடர் நிதி விதிகளிலேயே இடமுண்டு. ஆற்றரிப்பைத் தடுக்கவும் அதனால் இடம்பெயர்ந்தோரைக் குடியமர்த்தவும் 15-வது நிதிக்குழு தனி நிதியையே பரிந்துரைத்தது. ஆனால் வெள்ளம் வடிந்ததும் எடுக்கப்படும் கணக்கு குடிசை, ஆடுமாடு, பயிர் ஆகியவற்றோடு நின்றுவிடக்கூடாது. எத்தனை சென்ட் நிலம் ஆற்றோடு போனது என்பதைப் பட்டாவை வைத்து அளந்து எழுதும் வேலையை வருவாய்த் துறை இந்தக் கோடையிலேயே தொடங்கலாம். மேட்டூர் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.