வெள்ளம் வடிந்த பின் நிலம் யாருக்கு?

1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி காலையில் பான்ஷேத் அணை உடைந்தது. கட்டி முடியாத மண் அணை அது. தண்ணீர் வெளியேறும் பாதைக்குக் கம்பி கட்டிய கான்கிரீட் போட வேண்டியிருக்க, எஃகுத் தட்டுப்பாடு என்று வெறும் கான்கிரீட் கட்டிகளை வைத்து வேலையை ஒப்பேற்றியிருந்தார்கள். ராணுவ வீரர்கள் மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்த்தும் பலன் இல்லை. அந்தத் தண்ணீர் கீழே இருந்த பழைய கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு முட்டா நதியில் இறங்கிற்று. சனிவார் பேட்டை, நாராயண் பேட்டை, டெக்கான் ஜிம்கானா எல்லாம் நீருக்குள் போயின. பூனாவின் பழைய வியாபாரப் பகுதி ஒரே பகலில் சேறாயிற்று.

அன்றைய மகாராஷ்டிர அரசு, நகரைத் திரும்ப எழுப்பும் பொறுப்பை எந்தக் கம்பெனியிடமும் கொடுக்கவில்லை. ச. கோ. பர்வே என்ற ஐ.சி.எஸ். அதிகாரியைப் பூனாவுக்கு அனுப்பியது. முன்பு இதே ஊரில் நகராட்சி கமிஷனராக இருந்தவர். பின்னாளில் பம்பாய்த் தேர்தலில் கிருஷ்ண மேனனைத் தோற்கடித்தவரும் இவரே. வீடிழந்தவர்களுக்காகக் கோகலே நகர், லோக்மான்ய நகர், சஹகார் நகர் என்று ஊரின் ஓரங்களில் குடியிருப்புகள் எழுந்தன. ஒரு பகுதியினர் நதி தாண்டி ஏரவாடாவுக்கும் வந்து சேர்ந்தார்கள்.

அரசு செய்ததெல்லாம் சரி என்று சொல்ல முடியாது. பேட்டையில் சொந்த மனை இருந்தவருக்கு அங்கேயே திரும்பக் கட்ட வழி இருந்தது. வாடைக்கு இருந்தவன், கடைத் திண்ணையில் தொழில் செய்தவன், கூலிக்கு மூட்டை தூக்கியவன் எல்லோரும் ஊருக்கு வெளியே போனார்கள். அங்கே கொடுத்த நிலமும் பல இடங்களில் குத்தகை நிலம்தான். முழு உரிமை கேட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் மனுப் போட்ட குடும்பங்கள் உண்டு. ஆனாலும் மனுவை எந்த ஆபீஸில் கொடுப்பது என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

லெபனான் நாட்டின் தலைநகரான பெய்ரூட்டில் நடந்தது வேறு. 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அந்நகரின் கடைவீதி குண்டுபட்டு நாசமாயிற்று. 1991இல் ஒரு சட்டம் இயற்றி, 1994இல் ‘சொலிதேர்’ என்ற ஒரே கம்பெனியிடம் நகரின் மையப் பகுதியையே ஒப்படைத்தார்கள். அப்போது பிரதமராக இருந்தவர் ரஃபீக் ஹரிரி. அவரே பெரும் கட்டட முதலாளி, அந்தக் கம்பெனியின் பங்குதாரரும்கூட. கடை வைத்திருந்தவனுக்கும் மனை வைத்திருந்தவனுக்கும் மண்ணுக்குப் பதிலாகப் பங்குப் பத்திரம் கொடுத்தார்கள். 117 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் பழைய உரிமைக்காரர்களுக்கு, 65 கோடி டாலர் பங்குகள் பணம் போட்டவர்களுக்கு என்று கணக்கு. தாத்தா காலத்துத் துணிக்கடையின் இடத்தில் கையில் ஒரு காகிதம்! போர் இடித்ததைவிடக் கம்பெனியின் புல்டோசர் இடித்ததே அதிகம் என்று அவ்வூரார் பலர் இன்றும் குறை சொல்கிறார்கள். பளிங்குக் கல் பதித்த வீதிகளும் விலை உயர்ந்த கடைகளும் வந்தன. காய்கறி வாங்கவும் செருப்புத் தைக்கவும் வந்த பழைய கூட்டம் திரும்பி வரவில்லை.

பெய்ரூட் கதை ஏரவாடாவுக்கு எதற்கு என்று கேட்கலாம். இங்கே நதிக்கரையில் வேலை நடக்கிறது. முளா, முட்டா, முளா-முட்டா ஆகிய நதிகளின் கரையை 44 கிலோமீட்டர் நீளத்துக்குச் சீரமைக்கும் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. முதலில் கைவைத்த பகுதிகளில் ஒன்று பண்ட் கார்டனிலிருந்து முண்ட்வா வரை, அதாவது ஏரவாடாவை ஒட்டியே போவது. 2024 ஜூலை 25 அன்று கடக்வாஸ்லாவிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டபோது சிங்ககட் ரோட்டின் ஏக்தா நகரி முழங்காலுக்கு மேல் மூழ்கியது. ஏரவாடாவின் தாழ்வான இடங்களிலும் தண்ணீர் புகுந்தது. இனி ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும், இங்கே குடியிருப்பது ஆபத்து, காலி செய்யுங்கள் என்ற பேச்சு வரும். ஆபத்து என்பது பொய்யல்ல. ஆனால் ஏழை குடியிருந்தால் ஆபத்தான கரை, உயர்த்திக் கட்டியபின் பணக்காரர் உலாவும் கரையாவது எப்படி என்ற கேள்வியையும் கேட்கத்தானே வேண்டும்?

பூனாவில் நீலக் கோடு, சிவப்புக் கோடு என்று இரண்டு உண்டு. 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தின் எல்லை நீலம். 100 ஆண்டுக்கு ஒருமுறை வருவதன் எல்லை சிவப்பு. நீலக் கோட்டுக்குள் புதிதாகக் கட்ட அனுமதி கிடையாது. ஆகவே அதற்குள் இருக்கும் குடிசைக்காரனுக்கு, இருக்கிற இடத்திலேயே வீடு என்ற நியாயம் எடுபடாது. அவனை எங்கே வைப்பது என்பதை வெள்ளம் வருமுன் எழுத்தில் சொல்ல வேண்டியது கார்ப்பரேஷன். அடுத்த பஸ் பிடித்து வேலைக்குப் போகும் தூரத்தில் வைக்க வேண்டும். பத்து கல் தள்ளி வைத்தால் கொத்தனாருக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் வீடு கிடைத்தும் பிழைப்பு போகும்.

கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதே ஏரவாடாவில் ஒரு முன்மாதிரி உண்டு. 2009 வாக்கில், மத்திய அரசின் நகர்ப்புற ஏழைகள் திட்டத்தில், மஹிளா மிலன் பெண்களும் ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து, குடிசை இருந்த மனையிலேயே 270 சதுர அடி வீடுகளைக் கட்டினார்கள். ஓட்டை வீடுகளை மட்டும் இடித்தார்கள். நல்ல வீடுகளைத் தொடவில்லை. சந்து சந்தாகவே இருந்தது, அண்டை வீட்டுக்காரர் அண்டை வீட்டிலேயே இருந்தார். செலவில் பத்தில் ஒரு பங்கைக் குடும்பம் கொடுத்தது. கட்டி முடியும்வரை வெளியே வாடகை கொடுத்துத் தவித்தவர்கள் உண்டுதான். ஆனால் ஊர் கலையவில்லை.

தாராவியில் இப்போது நடப்பதைப் பூனாத் தமிழர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள். பலருக்கு அங்கே உறவு உண்டு. அதானி குழுமத்துக்கு 80 சதவீதம், அரசுக்கு 20 சதவீதம் பங்குள்ள கம்பெனி அதைக் கட்டுகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி. பிந்தி வந்தவருக்கும் மேல்தளத்தில் இருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே. ஒரே ஏணியின் கீழ்ப்படியில் அண்ணன் உள்ளூரிலும் மேல்படியில் தம்பி வெளியூரிலும் ஆவதற்கு இது போதும்.

ஏரவாடாவிலும் குடும்பங்களின் கதி காகிதத்தில்தான் இருக்கிறது. போட்டோ பாஸ், பழைய மின்சார பில், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவை மழைக்காலத்தில் தரையில் வைத்த டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. 1961இல் பேட்டைவாசிகள் பலருக்கு வாடகை ரசீதும் வீட்டோடு போயிற்று. இந்த ஜூன் மாதத்துக்குள் அந்தப் பெட்டியைப் பரணில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை மேட்டில் குடியிருக்கும் உறவினர் வீட்டில் வைக்கலாம். நகலுக்கு ஆகும் செலவு ஒரு வேளை டீக் காசு.