தெரிந்துகொள்வோம்: விமானத்துக்கும் உண்டு பூச்சு வேலை



சொந்தக் கொட்டகையிலேயே விமானம் கட்டுவோர் அமெரிக்காவில் உண்டு. கலிபோர்னியாவில் பர்ட் ரூட்டான் வடிவமைத்த ‘வேரிஈஸ்’ 1975-இல் பறந்தது. நுரைக்கட்டியின்மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, எப்பாக்ஸிப் பிசினால் இறுகச் செய்த விமானம் அது.

துணியின் நெசவுத் தடம் மேலே தெரியுமல்லவா? அதை நிரப்பி வழவழப்பாக்க வேண்டும். கார்ப் பட்டறைப் புட்டியைப் பூசினால் கனம் கூடிவிடும். ஆகவே, மாவு போன்ற நுண்ணிய கண்ணாடிக் குமிழ்களை எப்பாக்ஸியில் குழைத்துப் பூசுகிறார்கள். குமிழ்கள் உள்ளே கூடானவை, எடை குறைவு. உப்புத்தாளுக்கும் எளிதில் தேயும். தேய்க்கும்போது தூசி நெஞ்சுக்குள் போகாமல் முகமூடி கட்டாயம்.

பூசியதில் பெரும்பகுதியைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஆனால் கீழே உள்ள இழையைத் தேய்த்துவிட்டால் பலம் போய்விடும். விமானத்தை ஏற்றி இறக்கும் அசையும் பலகைகளில் பூச்சு கனத்தால் சமநிலை கெடும். வேகத்தில் அவை படபடவென்று அதிர்ந்து முறியவும் கூடும். அதனால்தான் வர்ணம் அடித்த பிறகும் சமநிலையைச் சோதிக்கிறார்கள்.

அழகுக்குப் பூசியது உயிருக்குப் பாரமாகிவிடக் கூடாது. கடன் வாங்கிக் கல்யாணத்தை ஆடம்பரமாக நடத்தும் நாமும் இதைச் சற்றுச் சிந்திக்கலாமே!