மூணாறை விடுங்கள், மறையூரில் தங்குங்கள்

ஆனைமுடியின் உச்சி 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதைவிட உயரமான இடம் கிடையாது. ஆல்ப்ஸ் மலையில், இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில், தார்ச்சாலையே 2,757 மீட்டரில் போகிறது. பிரான்ஸின் இஸெரான் கணவாய்ச் சாலை இன்னும் ஏழு மீட்டர் மேலே. நம்முடைய மிக உயர்ந்த சிகரத்தை விடவும் உயரத்தில் அங்கே சைக்கிள் மிதித்துப் போகலாம். கோடை வந்தால் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள்.

இதைக் கேட்டதுமே கோவை, சென்னை சைக்கிள்காரர்களுக்குக் கால் பரபரக்கிறது. ஷெங்கன் விசா, லீவு, சைக்கிளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றும் வித்தை என்று பேச்சு நீள்கிறது. போக வேண்டிய இடம்தான், போகட்டும். ஆனால் ஆல்ப்ஸ் போகிறவர்கள் ஒரு பயணத்தை எப்படித் திட்டமிடுகிறார்கள் என்பதை இங்கேயே ஒருமுறை பழகிப் பார்க்க ஓர் ஊர் இருக்கிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, இடுக்கி மாவட்டத்தின் வடகோடியில் இருக்கும் மறையூர்.

மறையூரைப் பார்க்காத சைக்கிள்காரர்கள் குறைவு. அங்கே தங்கியவர்கள் அதைவிடக் குறைவு. உடுமலையில் இருட்டோடு கிளம்பி, 85 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் மிதித்து மூணாறு சேர்வது, அங்கே ஒரு படம், மறுநாள் திரும்பிவிடுவது. பெரும்பாலும் பயணம் இப்படித்தான் முடிகிறது. மறையூர் நடுவில் டீ குடிக்கிற இடம். இந்தத் திட்டம்தான் தப்பு.

பிரெஞ்சு ஆல்ப்ஸில் பூர் துவாசான் என்று ஒரு சின்ன ஊர். சைக்கிள் பந்தய ரசிகர்களின் திருத்தலமான ஆல்ப் துவேஸ் ஏற்றம் தொடங்குவது அதன் வாசலில்தான். பதினான்கு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 1,100 மீட்டர் உயர்கிறது அந்தச் சாலை. 21 கொண்டை ஊசி வளைவுகள். 1952-இல் டூர் டி பிரான்ஸ் முதன்முறையாக அங்கே ஏறியபோது வென்றவர் இத்தாலியின் ஃபௌஸ்டோ கோப்பி. அந்த ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியை ஒரே அறையில் போட்டுவிட்டு நான்கைந்து நாள் தங்குகிறார்கள். ஒருநாள் ஆல்ப் துவேஸ், ஒருநாள் கலிபியே கணவாய், ஒருநாள் க்ருவா த ஃபேர். மூட்டை முதுகில் ஏறுவதில்லை. கால் வலித்தால் ஒருநாள் படுத்துக் கிடக்கலாம். மழை பெய்தால் வேறு பக்கம் போகலாம்.

மறையூருக்கு இந்த வசதி எல்லாம் இயற்கையாகவே வாய்த்திருக்கிறது. வடக்கே சின்னாறு வனச்சாலை, தெற்கே மூணாறு தேயிலைச் சாலை, மேற்கே காந்தளூர் ஏற்றம். மூன்றும் மூன்று விதமான சாலை. ஊர் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் மின்விசிறி இல்லாமல் தூங்கலாம். அஞ்சுநாடு என்று பழம்பெயர் கொண்ட இந்தப் பகுதியில் தமிழ் வீட்டு மொழி. மாநில எல்லையைத் தாண்டியதும் மொழி மாறிவிடுமோ என்று தயங்குகிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் நாள் கணக்கைப் பார்க்கலாம். உடுமலைக்கு ரயில் உண்டு. சென்னையிலிருந்து பாலக்காடு போகும் இரவு வண்டி பழனி, உடுமலை வழியாகத்தான் போகிறது. சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்றிவிடலாம். உடுமலையின் உயரம் சுமார் 370 மீட்டர். மறையூருக்கு அறுநூறு சொச்சம் மீட்டர் ஏற வேண்டும். அதில் பெரும்பகுதி சின்னாறு சோதனைச்சாவடிக்குப் பிறகுதான் வருகிறது. ஆல்ப் துவேஸோடு ஒப்பிட்டால் இது குழந்தை. முன்னால் 34 பல், பின்னால் 32 பல் உள்ள சைக்கிள் இருந்தால் பேசிக்கொண்டே ஏறலாம். கீர் இல்லாத சாதாரண சைக்கிளில் ஏறுகிறவர்களும் உண்டு. அவர்கள் சில இடங்களில் இறங்கித் தள்ளுவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இந்தச் சாலையில் சிக்கல் ஏற்றம் அல்ல, நேரம்.

சைக்கிள்காரர்களுக்கு விடியற்காலை நாலரை மணி புனிதமான நேரம். வெயிலுக்கு முன் தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்பது சமவெளியில் சரியான புத்தி. ஆனால் ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் நுழைகிறது. சின்னாறு தாண்டினால் கேரளத்தின் சின்னாறு வன உயிரினச் சரணாலயம்; 1984-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 90 சதுர கிலோமீட்டர். கோடையில் காடு காய்ந்ததும் யானைகள் அமராவதி அணைத் தண்ணீருக்கு இந்தச் சாலையைத் தாண்டித்தான் இறங்குகின்றன. காலை மங்கலும் மாலை மங்கலும் அவற்றின் நடமாட்ட நேரம். கார் வந்தால் யானைக்குச் சத்தம் கேட்கும். சைக்கிளுக்குச் சத்தமே இல்லை. வளைவைத் திரும்பியதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள நேர்ந்தால், ஏற்றத்தில் மணிக்குப் பத்து கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருப்பவர் எங்கே ஓடுவார்?

ஆகவே இங்கே எட்டு மணிக்கு முன் காட்டுக்குள் நுழையக் கூடாது, மூன்று மணிக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. இருசக்கர வண்டிகளுக்கான நேரக் கட்டுப்பாடு அவ்வப்போது மாறும். முந்தின நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். தனியாகப் போகக் கூடாது. யானை தெரிந்தால் தூரத்திலேயே நின்று, பின்னால் வரும் பேருந்துக்காகக் காத்திருந்து, ஓட்டுநர் சொல்வதைக் கேட்க வேண்டும். செல்போனை எடுப்பது கடைசி வேலை; எடுக்காமலே இருப்பது நல்லது.

எட்டு மணிக்குக் கிளம்பினால் வெயில் என்ன செய்யும் என்ற கேள்வி வரும். அதனால்தான் மாதத்தைத் தேர்ந்தெடுப்பது முக்கியமாகிறது. ஆல்ப்ஸில் நாள் குறிப்பது பனி. கலிபியே கணவாயில் பனியை வெட்டி எடுத்துச் சாலையைத் திறக்க மே கடைசியோ ஜூனோ ஆகிவிடும். இங்கே நாள் குறிப்பவை யானையும் மழையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மூணாறில் மழை கொட்டும்போது மறையூரும் சின்னாறும் மழை மறைவுப் பகுதியில் காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இங்கே எட்டிப் பார்க்கும். பங்குனி வந்தால் வெயிலும் காட்டுத்தீயும். எல்லாம் கழித்தால் மிஞ்சுவது மார்கழியும் தையும். அந்த இரண்டு மாதத்தில் பத்து மணி வெயிலிலும் சின்னாற்றைத் தாண்டலாம்.

காட்டுக்குள் கடை கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு ட்யூப், ஒரு பம்பு. பாட்டிலையும் பொட்டலத் தாளையும் அங்கே வீசாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். கீழே பாம்பாறு ஓடுகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று, அமராவதியில் சேர்ந்து கரூர் வரை போவது. அங்கே வீசியது நம் வயலுக்குத்தான் வரும்.

மறையூரை நெருங்கும்போது கம்பிவேலிக்கு அப்பால் சந்தனக் காடு. சாலையோரமே மான்கள் மேயும். ஊருக்குள் நுழைந்தால் கரும்புச்சாறு காயும் வாசனை. சைக்கிள்காரர்கள் வெளிநாட்டு எனர்ஜி ஜெல்லை விலை கொடுத்து வாங்கிப் பிதுக்கித் தின்கிறார்கள். மறையூரில் அதற்கு அவசியமே இல்லை. இங்கே கொப்பரையில் காய்ச்சிக் கையால் பிடித்த உருண்டை வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டைப் பையில் நாலு உருண்டை போட்டுக்கொண்டால் காந்தளூர் ஏற்றத்துக்குப் போதும். வேர்வையில் பை பிசுபிசுக்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் அந்தக் காந்தளூர்தான். மறையூரிலிருந்து கோவில்கடவு வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர். ஏறத்தாழ 500 மீட்டர் உயர வேண்டும். முதல் நாள் சாலையைவிடச் செங்குத்து. உண்மையான மலையேற்றத்தின் ருசி தெரிவது இங்கேதான். கரும்புத் தோட்டம் முடிந்து காய்கறிப் பாத்தியும் பூண்டு வயலும் ஆப்பிள் மரமும் வரும். மறையூர்ப் பாறைகளின் மேல் பெருங்கற்காலத்து முனியறைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்காதவர் இவ்வளவு தூரம் வந்ததே வீண்.

காந்தளூர்ச் சாலையின் தொந்தரவு ஜீப்புகள். சுற்றுலாக் கூட்டம் பெருகப் பெருக அவையும் பெருகிவிட்டன. 2023-இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலாக் கிராமத்துக்கான தங்கப் பரிசை காந்தளூருக்குக் கொடுத்த பிறகு கூட்டம் குறையும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆல்ப்ஸிலும் இதே தொல்லை இருந்தது. அங்கே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கோடையில் சில குறிப்பிட்ட நாட்களில் சில மணி நேரம் கணவாய்ச் சாலைகளை மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். ஸ்டெல்வியோவுக்கே ஆண்டில் ஒருநாள் அப்படி விடுமுறை உண்டு. அன்று கிழவர்களும் பிள்ளைகளும் சைக்கிளில் ஏறுகிறார்கள்.

காந்தளூர் ஊராட்சி இதைச் செய்ய முடியும். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு முதல் பத்து வரை, கோவில்கடவிலிருந்து மேலே சைக்கிள் மட்டும். ஆம்புலன்ஸுக்கும் பால் வண்டிக்கும் விலக்கு. ஜீப் ஓட்டுநர்களின் பிழைப்பு என்ன ஆகும் என்ற எதிர்ப்பு வரும். அதில் நியாயமும் உண்டு. அன்று சோர்ந்து இறங்க முடியாதவர்களை ஏற்றி வரும் வேலையை அவர்களுக்கே கொடுக்கலாம். மற்றபடி ஏற்றம் ஏறி வந்த சைக்கிள்காரர் ஒருவர் சாப்பிடுகிற இட்லியின் எண்ணிக்கையைக் கண்ட எந்த ஓட்டல்காரரும் இந்த யோசனையை எதிர்க்க மாட்டார்.

இன்னொரு காரியம், இது அதிகச் செலவில்லாதது. பிரெஞ்சுக் கணவாய்ச் சாலைகள் பலவற்றில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சைக்கிள்காரர்களுக்கென்றே ஒரு கல் நட்டிருப்பார்கள். உச்சிக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர், இந்த இடத்தின் உயரம் என்ன, அடுத்த கிலோமீட்டரின் சராசரி ஏற்றம் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். ஆல்ப் துவேஸில் ஒவ்வொரு வளைவுக்கும் எண் கொடுத்து, அங்கே வென்றவர்களின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். நம் நெடுஞ்சாலைத் துறைக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. ஆழியாறு, வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது. அதே மாதிரிப் பலகையைக் கேரளமும் இங்கே வைத்து, அதில் உயரத்தையும் ஏற்றத்தின் அளவையும் சேர்த்து எழுதினால் போதும். சின்னாறு முதல் மறையூர் வரை, மறையூர் முதல் மூணாறு வரை, மறையூர் முதல் காந்தளூர் வரை. இரண்டு மாநில வனத்துறைகளும் சைக்கிள் நுழையும் நேரம், வெளியேறும் நேரம் இரண்டையும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே மாதிரி எழுதி இரண்டு பக்கச் சோதனைச்சாவடியிலும் வைத்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்துக்குள் வராதவரைத் தயங்காமல் திருப்பி அனுப்பட்டும். சைக்கிளுக்குச் சலுகை கேட்கிற இந்தக் கட்டுரை காட்டுக்குள் சலுகை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மூணாறு. போகவே கூடாது என்று தலைப்புக்காக யாரையும் தடுக்க முடியாது. 40 கிலோமீட்டர், வழியில் லக்கம் அருவி, தலையாறு தேயிலைத் தோட்டங்கள், கடைசியில் இரவிகுளம் தேசியப் பூங்காவின் நுழைவாயில் அருகே வாகன நெரிசல். ஸ்டெல்வியோ சாலையை 1820-களில் ஆஸ்திரியப் பேரரசு போட்டது லம்பார்டியைத் தன் பிடியில் வைத்திருக்க. மூணாறுச் சாலைகள் தேயிலைக்காக வந்தவை. இரண்டு இடத்திலும் யாரும் சைக்கிளை நினைத்துச் சாலை போடவில்லை. மூணாறில் 1902-இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அது சிறு ரயிலாக மாறியது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. அந்த ரயில் மட்டும் இருந்திருந்தால் சைக்கிளை அதில் ஏற்றிவிட்டு இறங்கி வரலாம். சுவிட்சர்லாந்தில் அப்படித்தான் செய்கிறார்கள்.

திரும்பி இறங்கும்போதுதான் விபத்து நடக்கும். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். கிளம்பும் முன் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏறும்போது நனைந்த சட்டையோடு இறங்கினால் நெஞ்சில் குளிர் அடிக்கும். டூர் டி பிரான்ஸ் வீரர்கள் கணவாய் உச்சியில் நிற்கும் ரசிகர்களிடம் நாளிதழை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு இறங்குவது பழைய வழக்கம். காற்றைத் தாள் தடுத்துவிடும். மூணாறில் எந்தப் பெட்டிக்கடையிலும் தமிழ் நாளிதழ் கிடைக்கும். படித்துவிட்டு மடித்து, நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மறையூர் வந்ததும் எடுத்துவிடலாம், அங்கே வெயில் இருக்கும்.