சிங்க் மூட்டையில் இருப்பது எந்த உப்பு?

சிங்க் சல்பேட் என்று எழுதிக் கேட்டால் வரக்கூடிய உப்புகள் இரண்டு. பளிங்காக இருப்பதில் ஏழு நீர் மூலக்கூறுகள். அதில் நாகம் (சிங்க்) ஏறத்தாழ 21 வீதம். மாவுபோல் இருப்பதில் ஒரே நீர் மூலக்கூறு. நாகம் 33 வீதம். பற்றுச்சீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். பளிங்குக்குச் சொன்ன அளவில் மாவைக் கரைத்தால் தேயிலைக் கொழுந்தின் மேல் ஒன்றரை மடங்கு நாகம் விழும். அதையும் உச்சி வெயிலில் தெளித்துவிட்டு, இலை கருகியதற்குக் கங்காணியைத் திட்டுவதில் நியாயமில்லை. பிழை களஞ்சியத்திலேயே நடந்துவிட்டது.

2021 மேயில் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு நவம்பரில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டு 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது. உரமில்லாத நாட்களில் கையில் அகப்பட்டதைத் தெளித்துப் பார்த்ததைக் குறைசொல்ல முடியாது. இப்போதும் "எல்லாச் சத்தும் அடங்கியது" என்று வரும் போத்தலை அளந்து பார்க்காமல் வாங்குவதுதான் உறுத்துகிறது.

அந்தப் போத்தலில் மங்கனீசு இருக்கும். நமது புளிப்பு மண்ணில் அது தாராளம். தேயிலையோ அதை இலையில் சேர்த்துவைக்கும் செடி. செம்பும் இருக்கும். செம்பு இல்லாத கொழுந்து தொழிற்சாலையில் ஒழுங்காகப் புளித்து நிறம் மாறாது என்பது உண்மை. அந்த வேலையைச் செய்யும் நொதியமே செம்பைக் கொண்டது. ஆனால் 1946இல் கொப்புள நோய் இங்கு வந்த பிறகு, மழைக்காலத்தில் செம்பு மருந்து தெளித்து வந்த மலைகளுக்கு அதைப் போத்தலில் வேறு வாங்க வேண்டுமா?

அடிக்கடி குறைவது நாகம். கணுக்கள் நெருங்கி, இளம் இலை சிறுத்து வெளிறி அரிவாளாக வளைந்தால் சந்தேகப்படலாம். மண்ணில் போட்டால் பெரும்பகுதி அங்கேயே பிடிபட்டுவிடும் என்பதால் இலையில் தெளிக்கிறோம். முதிர்ந்த இலையிலிருந்து புதுத் துளிருக்கு அது எளிதில் நகராது. ஆகவே வருட அளவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

சில மலைகளில் இந்தக் குறையை உண்டாக்கியவர்களே நாம்தான். தேயிலைக்கு ஏற்ற பீ.எச். பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை. கவ்வாத்துக்குக் கவ்வாத்து வழக்கம்போல டொலமைட் தூவி அதைத் தாண்டவிட்டால், மண்ணில் இருக்கும் நாகமும் வேருக்குக் கிடைக்காது. பீ.எச். போதுமான அளவில் இருந்து மக்னீசியம் மட்டும் குறைந்தால் கீசரைட் போதும். அது மண்ணின் புளிப்பை மாற்றாது. டொலமைட் மலிவு என்பதற்காக எல்லா மலைக்கும் அதையே போடுவது சிக்கனமல்ல.

கந்தகத்தையும் மறந்துவிடுகிறோம். யூரியாவில் நைதரசன் 46 வீதம், கந்தகம் அறவே இல்லை. அமோனியம் சல்பேட்டில் நைதரசன் 21 வீதம், கந்தகம் 24 வீதம். கந்தகக் குறையால் தேயிலை மஞ்சளித்து நலிவதை 1930களிலேயே நியாசாலாந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பல வருடங்களாக யூரியாக் கலவை மட்டுமே கண்ட மலை மஞ்சளித்தால், இன்னும் கொஞ்சம் யூரியா என்பது பதிலாகாது.

வீ.பீ. யூ.எம். 910 என்பது மேல்நாட்டு, மத்தியநாட்டு வீ.பீ. (வெட்டுத்துண்டுகளிலிருந்து வளர்த்த) தேயிலைக்கான பொது உரக் கலவை. வட்டவளையின் மழையையும் நுவரெலியாவின் குளிரையும் அந்த ஓர் எண் தனித்தனியே அறியாது. மலைவாரியான மண் அறிக்கை இருந்தால்தான் கலவையோடு வேறு என்ன தேவை, எது தேவையில்லை என்று சொல்ல முடியும். மாதிரியைக் கவ்வாத்துக்கு முன், டொலமைட் தூவுவதற்கு முன் எடுத்துத் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புங்கள். சிங்க் வாங்கும்போது பற்றுச்சீட்டிலேயே நாகத்தின் வீதத்தை எழுதித் தரச் சொல்லி, களஞ்சியப் புத்தகத்திலும் அதைப் பதியுங்கள்.